ஸ்பாக்னுவோலோ: 2012-ல் வரலாற்றிலேயே மோசம், அப்புறம் சூப்பர் பௌல் மோதிரமாகக் குவிகிறது. இரண்டும் ஒரே ஆள்தானா?

தூக்கங்கெட்டவன் கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். அமெரிக்கன் ஃபுட்பாலில் நான் இன்னும் கற்றுக்குட்டிதான். 2024 பிப்ரவரியில் கேன்சஸ் சிட்டி சீஃப்ஸும் சான் ஃபிரான்சிஸ்கோ ஃபார்ட்டிநைனர்ஸும் மோதிய சூப்பர் பௌலை (லீக்கின் இறுதி ஆட்டம்), ரூம்மேட் தொல்லை தாங்காமல் திங்கட்கிழமை விடியற்காலை ஐந்து மணிக்கு எழுந்து பார்த்தேன். பாதி விதி புரியவில்லை. ஆனால் ஓவர்டைம் வரைக்கும் போய் 25-22 என்று முடிந்தபோது பல்கூடத் தேய்க்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தேன். அன்றைக்குப் பிடித்த கிறுக்கு இன்னும் விடவில்லை.

எல்லாரும் சீஃப்ஸின் குவாட்டர்பேக் (பந்தை எறிகிறவர்) மஹோம்ஸ் புராணம் பாடுகிறார்கள், தப்பில்லை. எனக்கு ஏனோ தடுக்கிற பக்கம்தான் பிடித்துப்போனது. அந்தப் பக்கத்துக்கு யார் பொறுப்பு என்று தேடினால் ஸ்டீவ் ஸ்பாக்னுவோலோ என்று ஒருவர், டிஃபென்சிவ் கோஆர்டினேட்டர். அந்தப் பதவியிலேயே நான்கு சூப்பர் பௌல் ஜெயித்த ஒரே ஆள் என்கிறார்கள். சரி, பெரிய ஆள் போல என்று பழைய கதையைப் படிக்கப் போனேன். அங்கேதான் குழப்பம்.

2012-ல் இவர் நியூ ஆர்லியன்ஸ் செயின்ட்ஸ் அணியின் டிஃபென்சிவ் கோஆர்டினேட்டர். அந்த வருடம் அந்த அணி எதிரணிகளை முன்னேற விட்டது மொத்தம் 7,042 யார்டு. லீக் வரலாற்றில் ஒரே சீசனில் எந்த அணியும் அவ்வளவு விட்டதில்லை. அதற்கு முன்னால் செயின்ட் லூயிஸ் ராம்ஸுக்கு மூன்று வருடம் தலைமைப் பயிற்சியாளர், 10 வெற்றி, 38 தோல்வி. 2018-ல் எந்த அணியிலும் வேலை இல்லை. அடுத்த வருடமே கேன்சஸ் சிட்டி வந்து சூப்பர் பௌல் ஜெயிக்கிறார்.

ஒரு மனிதர் ஐம்பத்து மூன்று வயதில் தொழில் தெரியாதவராக இருந்து அறுபது வயதில் மேதை ஆவாரா? இல்லை, இந்தப் பதவியே மற்றவன் உழைப்பில் பெயர் வாங்குகிற பதவியா? விவரம் தெரிந்தவர்கள் கொஞ்சம் சொல்லுங்கள். கிண்டல் செய்தாலும் பரவாயில்லை, பதில் வேண்டும்.

ஜெர்சிக்காரன் பதில்:

தம்பி, நல்ல கேள்வி. இருபது வருடமாக நியூ ஜெர்சியில் இருக்கிறேன், ஜெயன்ட்ஸ் அணிக்குத் தாலி கட்டிக்கொண்டவன், அதனால் இந்த மனிதரை இரண்டு முறை கொண்டாடியும் இரண்டு முறை திட்டியும் இருக்கிறேன். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்.

2012-ஐ விட்டுவிட்டு முதலில் 1999-க்குப் போ. அதுவரைக்கும் இவர் ஒரு ஊர்சுற்றி. மாசசூசெட்ஸ் மாநிலத்துக்காரர், ஸ்பிரிங்ஃபீல்ட் கல்லூரியில் ஆடியவர், அதற்கப்புறம் லஃபாயெட், கனெக்டிகட், மேய்ன், ரட்கர்ஸ், போலிங் கிரீன் என்று கல்லூரி கல்லூரியாகப் பெட்டியைக் கட்டிக்கொண்டு அலைந்தவர். நடுவில் ஐரோப்பாவில் நடந்த லீக்கில் 1992-ல் பார்சிலோனா, 1998-ல் ஃபிராங்க்ஃபர்ட். நாற்பதை நெருங்கும்போதுதான் ஆண்டி ரீட் ஃபிலடெல்ஃபியா ஈகிள்ஸுக்குத் தலைமைப் பயிற்சியாளராக வந்து இவரைக் கடைநிலை உதவியாளராகச் சேர்த்துக்கொள்கிறார். அந்த ரீட்தான் இப்போது கேன்சஸ் சிட்டியிலும் தலைமை. இதை மனதில் வைத்துக்கொள், கடைசியில் தேவைப்படும்.

ஈகிள்ஸில் அப்போது டிஃபென்ஸை நடத்தியவர் ஜிம் ஜான்சன். 2009-ல் புற்றுநோயில் போய்விட்டார். பிளிட்ஸ் என்றால் அவர்தான். எதிரணி குவாட்டர்பேக்கை நோக்கி வழக்கமாக நான்கு பேர் பாய்வார்கள், ஐந்தாவது ஆறாவது ஆளையும் அனுப்பினால் அது பிளிட்ஸ். ஜான்சனின் வித்தை எத்தனை பேரை அனுப்புகிறார் என்பதில் இல்லை, எவன் வருவான் என்பதைக் கடைசி வினாடி வரைக்கும் மூடி வைப்பதில் இருந்தது. நடுவில், பந்தைப் பின்னால் கொடுக்கிற சென்டருக்கு இரண்டு பக்கமும், வழக்கமாக முன்வரிசைக்குப் பின்னால் நிற்கிற லைன்பேக்கர்கள் இரண்டு பேர் முகத்துக்கு நேரே வந்து நிற்பார்கள். இரண்டு பேரும் வரலாம், ஒருவன் வரலாம், இரண்டு பேரும் பின்வாங்கி ஓரத்திலிருந்து கார்னர்பேக் (பாஸ் பிடிக்கிற ரிசீவரைப் பார்த்துக்கொள்கிறவன்) வரலாம். தடுக்க வேண்டியவன் யாரைப் பார்ப்பான்? ஸ்பாக்னுவோலோ எட்டு வருடம் அந்தப் பள்ளிக்கூடத்தில் படித்தார். ஜான் ஹார்பா, ரான் ரிவேரா, ஷான் மெக்டெர்மட் எல்லாரும் அதே வகுப்புதான்.

2007-ல் எங்கள் ஜெயன்ட்ஸுக்கு வருகிறார், இந்த லீக்கில் முதல் முறையாக டிஃபென்ஸின் முழுப் பொறுப்பு. முதல் ஆட்டம் டல்லஸ், 45 புள்ளி வாங்கினோம். இரண்டாவது ஆட்டம் கிரீன் பே, 35. இரண்டே ஆட்டத்தில் 80. அன்றைக்கு ரேடியோவில் ஃபோன் செய்தவன் எல்லாம் இவரை வீட்டுக்கு அனுப்பச் சொன்னான். நானும் ஆபீஸ் கேன்டீனில் சொன்னேன், பொய் சொல்ல மாட்டேன். மூன்றாவது ஆட்டம் வாஷிங்டனில், பாதி நேரத்தில் 17-3 என்று பின்னால் இருந்தோம். இரண்டாம் பாதியில் அவர்களுக்கு ஒரு புள்ளிகூடக் கிடைக்கவில்லை. நாங்கள் 24-17 என்று முன்னால் போனபின், ஆட்டம் முடியும் தறுவாயில் எங்கள் கோட்டுக்கு ஒரு யார்டு தூரத்தில் பந்தை வைத்துக்கொண்டு முட்டிப் பார்த்தார்கள், உள்ளே விடவில்லை. எங்கள் சீசன் திரும்பிய இடம் அதுதான். அடுத்த வாரம் ஈகிள்ஸுக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் 12 சாக் (எறிவதற்குள் குவாட்டர்பேக்கைப் பந்தோடு சாய்ப்பது), லீக் சாதனைக்குச் சமம். அதில் ஆறு ஓசி யுமென்யோரா ஒருவனே எடுத்தது. வருடக் கடைசியில் 53 சாக், லீக்கிலேயே அதிகம்.

அப்புறம் 2008 பிப்ரவரி 3, அரிசோனா. எதிரில் பேட்ரியட்ஸ், 18 ஆட்டம் ஆடி 18-ம் ஜெயித்த அணி, அந்த வழக்கமான சீசனில் 589 புள்ளி அடித்துச் சாதனை செய்த அணி, அவர்கள் குவாட்டர்பேக் டாம் பிரேடி 50 டச்டவுன் (பந்தோடு எதிரணிக் கோட்டைத் தாண்டுவது) பாஸ் போட்ட வருடம். டிசம்பர் கடைசியில் எங்களோடு ஆடி 38-35 என்று ஜெயித்திருந்தார்கள். சூப்பர் பௌலில் அவர்களால் எடுக்க முடிந்தது 14. நாங்கள் 17.

எப்படி என்று கேட்டால், இத்தனை பிளிட்ஸ் புராணத்துக்குப் பிறகு சிரிப்பு வரும், பெரும்பாலும் நான்கு பேரை வைத்தே வேலையை முடித்தார். ஆனால் அந்த நான்கு பேர் யார் என்பதில் விஷயம் இருக்கிறது. ஜஸ்டின் டக் ஓரத்தில் ஆடுகிற ஆள், வேகக்காரன். அவனை உள்ளே இழுத்து, கார்டு என்கிற கனமான ஆட்களுக்கு எதிரே நிறுத்தினார். கனமானவனுக்குத் தள்ளுகிறவனைச் சமாளிக்கத் தெரியும், பக்கவாட்டில் வழுக்கிக்கொண்டு போகிறவனை என்ன செய்வான்? டக் இரண்டு சாக், ஒரு முறை பிரேடி கையிலிருந்து பந்தையே தட்டிவிட்டான். மொத்தம் ஐந்து சாக். பிரேடி எழுந்து, தோள்பட்டையில் ஒட்டின புல்லைத் தட்டிவிட்டு நிற்பதை அன்றைக்குத்தான் திரும்பத் திரும்பப் பார்த்தேன்.

ஒரு சின்னச் செய்தி. அந்த வருடம் டிஃபென்ஸ் ஆட்களின் ஹெல்மெட்டில் ரேடியோ கிடையாது, 2008-ல்தான் ஓர் ஆளுக்கு மட்டும் அனுமதித்தார்கள் (ஹெல்மெட்டின் பின்னால் பச்சைப் புள்ளி இருக்கும், அடுத்த முறை கவனி). 2007-ல் எல்லாம் கை சைகைதான். ஓரத்தில் நின்று மூக்கைத் தொடு, காதைப் பிடி என்று காட்ட, நடுவில் லைன்பேக்கர் அன்டோனியோ பியர்ஸ் அதைப் படித்து மற்றவர்களுக்குக் கத்த வேண்டும். அதே சீசனின் முதல் வாரத்தில் ஜெட்ஸ் பயிற்சியாளர்களின் சைகைகளை வீடியோ எடுத்து மாட்டி, பேட்ரியட்ஸ் அபராதம் கட்டியது தனிக் கதை.

2012 பற்றி அப்புறம் எழுதுகிறேன், வீட்டில் சாப்பிடக் கூப்பிடுகிறார்கள்.

கணக்குப்பிள்ளை பதில்:

ஜெர்சி அண்ணன் காதலில் எழுதுகிறார், விடுங்கள். நான் கணக்கைச் சொல்கிறேன்.

2012-ல் செயின்ட்ஸுக்குச் சாக்குகள் உண்டு, ஒத்துக்கொள்கிறேன். முந்தைய டிஃபென்சிவ் கோஆர்டினேட்டர் காலத்தில் எதிராளியைக் காயப்படுத்தினால் காசு என்று நடந்த விவகாரம் வெளியே வந்து, தலைமைப் பயிற்சியாளர் ஷான் பேட்டனை லீக் அந்த சீசன் முழுக்கத் தடை செய்திருந்தது. அவர் இடத்தில் உட்கார வேண்டிய ஜோ விட்டுக்கும் முதல் ஆறு ஆட்டம் தடை, அதனால் அந்த ஆறுக்கு இன்னொருவர். தலை இல்லாத வீடு. ஆனால் அதையே எத்தனை நாள் சொல்வது? பழைய சாதனை 1981-ல் பால்டிமோர் கோல்ட்ஸ் விட்ட 6,793 யார்டு. முப்பது வருடம் யாரும் தொடாத அதை இவர்கள் 249 யார்டு தாண்டினார்கள். பேட்டன் திரும்பி வந்த அதே மாதம் இவரை வேலையை விட்டு எடுத்தார். அடுத்து ராப் ரயன் வந்தார், 2013-ல் அதே அணி யார்டு கணக்கில் நான்காவது இடம். பெரும்பாலும் அதே ஊர், அதே சட்டை, வேறு ஆள். இதற்கு என்ன சொல்வீர்கள்?

அடுத்து ஜெயன்ட்ஸ் இரண்டாம் சுற்று. 2015-ல் யார்டு கணக்கில் 32 அணியில் கடைசி. 2016-ல் திடீரென்று புள்ளி கணக்கில் இரண்டாவது சிறந்த டிஃபென்ஸ். மூளை வளர்ந்ததா? இல்லை, ஆலிவியர் வெர்னன், ஜனோரிஸ் ஜென்கின்ஸ், டேமன் ஹாரிசன் என்று மூன்று பேரை மூட்டை மூட்டையாகக் காசு கொட்டி வாங்கினார்கள். 2017-ல் ஆட்கள் காயம், உள்ளே சண்டை, தலைமைப் பயிற்சியாளர் டிசம்பரில் போனார், இவர் கடைசி நான்கு ஆட்டத்துக்குத் தற்காலிகத் தலைமை, ஒன்று ஜெயித்து மூன்று தோல்வி. டிஃபென்ஸ் மறுபடியும் அடிமட்டம்.

ஆக என் கட்சி இதுதான். ஆள் இருந்தால் எவனும் மேதை. கேன்சஸ் சிட்டியில் நடுவில் கிரிஸ் ஜோன்ஸ் இருக்கிறார், மறுபக்கம் மஹோம்ஸ் புள்ளி அடித்துக் கொடுக்கிறார். எதிரணி பின்தங்கியதும் பாஸ்தான் போட வேண்டும், பாஸ் போடுவான் என்று தெரிந்தால் பாய்வது சுலபம். இதில் கோஆர்டினேட்டர் பங்கு எவ்வளவு?

மேகலா பதில்:

கணக்குப்பிள்ளை சார், பாதிக் கணக்கை மட்டும் போட்டுவிட்டு நோட்டை மூடிவிட்டீர்கள். அந்த ராப் ரயன் 2013-ல் நான்காவது, 2014-ல் 31-வது. 2015 நவம்பரில் அவருக்கும் வேலை போனது. அவரை வைத்து இவரை அளப்பதானால் இரண்டு வருடத்தையும் சேர்த்து அளக்க வேண்டும்.

நான் கேன்சஸ் சிட்டி பக்கத்தில் பன்னிரண்டு வருடமாக இருக்கிறேன். இவர் வருவதற்கு முந்தைய டிஃபென்ஸை என் கண்ணால் பார்த்தவள். 2019 ஜனவரி, ஏரோஹெட் மைதானம், பேட்ரியட்ஸோடு கான்ஃபரன்ஸ் இறுதி, சூப்பர் பௌலுக்கு முந்தைய ஆட்டம். குளிரில் காலில் உணர்வே இல்லை. ஓவர்டைமில் பிரேடிக்கு மூன்று முறை தேர்ட் டவுன் (பத்து யார்டு முன்னேறக் கிடைக்கும் நான்கு முயற்சியில் மூன்றாவது), மூன்று முறையும் 10 யார்டு வேண்டும், மூன்று முறையும் எடுத்தார். மஹோம்ஸ் ஓரத்தில் நின்று வேடிக்கை பார்த்தார், அவர் கைக்குப் பந்தே வரவில்லை. 37-31. அன்றைக்கு பார்க்கிங்கில் ஒருவரும் பேசவில்லை, கார் ஸ்டார்ட் ஆகிற சத்தம் மட்டும்தான். மஹோம்ஸ் புள்ளி அடித்துக் கொடுத்தால் போதும் என்கிறீர்களே, அந்த வருடமும் அவர்தான் அடித்தார், 50 டச்டவுன் பாஸ். ஆனாலும் சூப்பர் பௌல் போகவில்லை.

சில நாளில் பழைய டிஃபென்சிவ் கோஆர்டினேட்டரை அனுப்பிவிட்டு ரீட் இவரைக் கூட்டி வந்தார். இங்கேயும் ஜெர்சி அண்ணன் சொன்ன அதே கதை. முதல் பத்து வாரம் சுமார்தான். நவம்பரில் டென்னசியிடம் 35-32 என்று தோற்றபோது டெரிக் ஹென்றி 188 யார்டு ஓடினார், எங்கள் ஆட்கள் அவர் முதுகைப் பார்த்துக்கொண்டே பின்னால் ஓடினார்கள். அதற்கப்புறம் வழக்கமான சீசனில் மிச்சம் இருந்தது ஆறு ஆட்டம். ஆறிலும் சேர்த்து விட்டுக்கொடுத்த புள்ளி 69. ஒரு ஆட்டத்துக்குப் பன்னிரண்டுகூட இல்லை. ஜனவரியில் அதே டென்னசி, அதே ஹென்றி, 69 யார்டோடு நின்றுவிட்டார். (இரண்டும் 69 என்பது தற்செயல், ஜோசியம் பார்க்காதீர்கள்.) இடையில் புது ஆள் யாரையும் கோடி கொடுத்து வாங்கவில்லை. பாடம் மண்டையில் ஏறியது, அவ்வளவுதான்.

இவருடைய டிஃபென்ஸ் ஊறுகாய் மாதிரி. போட்ட அன்றைக்கே ஜாடியைத் திறந்து ருசி பார்த்தால் காரமும் உப்பும் தனித்தனியாகத்தான் தெரியும். 2007-ல் இரண்டு வாரத்தில் ஊறியது, 2019-ல் பத்து வாரம் ஆனது. செயின்ட்ஸில் ஊற விடவே இல்லை.

2022-ல் கார்னரில் மூன்று புதுப்பையன்கள். டிராஃப்டில் (அணிகள் புது ஆட்களைச் சுற்றுச் சுற்றாகத் தேர்ந்தெடுப்பது) ட்ரென்ட் மெக்டஃபி முதல் சுற்று, ஜோஷுவா வில்லியம்ஸ் நான்காம் சுற்று, ஜெய்லன் வாட்சன் ஏழாம் சுற்று, அதாவது கிட்டத்தட்ட மிச்சம் மீதியில் கிடைத்தவன். கடைசி வரிசைக் காவலான சேஃப்டியில் பிரையன் குக்கும் அதே வருடத்துப் பையன். வாட்சன் இரண்டாவது ஆட்டத்திலேயே சார்ஜர்ஸ் பந்தைக் கோட்டுக்கு அருகில் பிடித்து 99 யார்டு ஓடினான். அந்த வருடம் கோப்பை. ஆனால் நேர்மையாகச் சொல்ல வேண்டும், அந்த சூப்பர் பௌலில் ஈகிள்ஸ் 35 புள்ளி அடித்தார்கள், டிஃபென்ஸ் அடி வாங்கியது, எங்கள் நிக் போல்டன் கீழே விழுந்த பந்தை எடுத்து ஓடியது இல்லையென்றால் கதை வேறு.

டிஃபென்ஸ் வாங்கிக் கொடுத்த கோப்பை என்றால் 2023 சீசன்தான். அந்த வருடம் எங்கள் ரிசீவர்கள் பந்தைக் கீழே போட்டுக்கொண்டே இருந்தார்கள், மஹோம்ஸ் முகம் அப்படி வாடி நான் பார்த்ததில்லை. பால்டிமோரில் நடந்த கான்ஃபரன்ஸ் இறுதியில் இரண்டாம் பாதி முழுக்க சீஃப்ஸ் ஒரு புள்ளிகூட எடுக்கவில்லை, தெரியுமா? முதல் பாதியில் எடுத்த 17-ஐ வைத்தே ஜெயித்தார்கள். எதிரில் லாமர் ஜாக்சன், அந்த வருடத்தின் சிறந்த ஆட்டக்காரர். அவர்கள் ரிசீவர் ஸே ஃபிளவர்ஸ் கோட்டைத் தாண்டக் கையை நீட்டுகிறான், எங்கள் லஜேரியஸ் ஸ்னீட் அந்தப் பந்தை ஒரு குத்து, அவ்வளவுதான், பந்து எங்களுடையது.

தூக்கங்கெட்டவன், நீங்கள் பார்த்த அந்த இறுதி ஆட்டத்துக்கு வருகிறேன். நான்காம் கால் பகுதி, இரண்டு நிமிடம் மிச்சம், ஆட்டம் 16-16. ஃபார்ட்டிநைனர்ஸுக்குத் தேர்ட் டவுன், ஐந்து யார்டு வேண்டும். அது கிடைத்துவிட்டால் நேரத்தைக் கரைத்துவிட்டு கடைசி வினாடியில் கிக் அடித்துக் கோப்பையை எடுத்துக்கொண்டு போயிருப்பார்கள். அந்த நேரத்தில் எந்தப் புத்திசாலியும் பின்னால் ஆட்களை நிறுத்திப் பத்திரமாக ஆடுவான். இவர் மெக்டஃபியை அனுப்பினார். ரிசீவரைப் பார்த்துக்கொள்ள வேண்டிய கார்னர், லைன்மேன்களுக்குப் பக்கத்தில் நிறுத்தினால் பள்ளிக்கூடப் பையன் மாதிரி இருப்பான், ஓரத்திலிருந்து யாரும் தொடாமல் உள்ளே வந்து, அவர்கள் குவாட்டர்பேக் பர்டி எறிந்த பந்தைக் கையால் தட்டினான். கிக் அடித்து மூன்று புள்ளியோடு போனார்கள். மஹோம்ஸுக்கு நேரம் கிடைத்தது. மிச்சம் உங்களுக்கே தெரியும். நீங்கள் பல் தேய்க்காமல் உட்கார்ந்திருந்ததற்குக் காரணம் அந்த ஒரு தட்டு.

ஓவர்டைமிலும் கிட்டத்தட்ட அதே கதை. எங்கள் கோட்டுக்கு ஒன்பது யார்டு தூரத்தில் அவர்களுக்குத் தேர்ட் டவுன், கிரிஸ் ஜோன்ஸைத் தடுக்க யாருமே இல்லை. உள்ளே நிற்கிற அந்த மலையை ஒருவனும் தொடாமல் விட்டான் என்றால், வேறு யாரையோ பார்த்துப் பயந்திருக்கிறான் என்று அர்த்தம். ஆள் இருந்தால் போதும் என்கிறீர்கள் சார், சரிதான். ஆனால் அந்த ஆளைத் தொடாமல் விட வைத்தது யார்?

மோட்டுவளை பதில்:

ஒரு குறுக்குக் கேள்வி. இவ்வளவு கெட்டிக்காரர் என்றால் ராம்ஸில் ஏன் 10-38?

ஜெர்சிக்காரன் பதில்:

சாப்பிட்டு வந்துவிட்டேன். மேகலா அக்கா நான் எழுத வந்ததில் முக்கால்வாசியை எழுதிவிட்டார், அதுவும் என்னைவிட நன்றாக.

மோட்டுவளை, அது வேறு வேலை நண்பா. நல்ல சமையல்காரனை ஓட்டல் முதலாளி ஆக்கினால் கல்லாவில் உட்கார்ந்து அழுவான். ராம்ஸ் அப்போது உளுத்துப்போன அணி, முதல் வருடம் 1-15, அதனால் கிடைத்த முதல் தேர்வில் சாம் பிராட்ஃபோர்டை எடுத்து அடுத்த வருடம் 7-9, கடைசி ஆட்டத்தில் சியாட்டிலை ஜெயித்திருந்தால் நாக்-அவுட் சுற்றான ப்ளேஆஃபே போயிருப்பார்கள், அப்புறம் 2-14. இது இவருக்கு மட்டும் நடந்ததில்லை. டிக் லெபோ என்று ஒருவர், 1937-ல் பிறந்தவர், ஸோன் பிளிட்ஸ் என்றாலே அவர் பெயர்தான் முதலில் வரும். பெரிய லைன்மேன் பாய்வது போல் காட்டிவிட்டுப் பின்வாங்கிப் பாஸைத் தடுப்பான், அவன் விட்ட இடத்தில் வேறொருவன் பாய்வான். பிட்ஸ்பர்க்கில் அதை வைத்து இரண்டு சூப்பர் பௌல் ஜெயித்தார். அதே லெபோ சின்சினாட்டியில் தலைமைப் பயிற்சியாளராக 12-33. நல்ல டிஃபென்சிவ் கோஆர்டினேட்டர் தலைமைக்குப் போய் விழுந்து, திரும்பித் தன் பழைய நாற்காலிக்கு வந்து மறுபடியும் ஜெயிப்பது இந்தத் தொழிலில் ஒரு வழக்கமான பாதை. 1999 கதையில் ரீட் பெயரை மனதில் வைத்துக்கொள் என்றேனே, அது இதற்குத்தான், மேலே யார் இருக்கிறார் என்பதும் முக்கியம். 2007-ல் இவருக்கு மேலே டாம் காஃப்லின், கண்டிப்பான ஆள், இரண்டு ஆட்டத்தில் 80 புள்ளி போனபோதும் இவரைக் கைவிடவில்லை. கேன்சஸ் சிட்டியில் ரீட், எட்டு வருடம் கூட வைத்துப் பழகியவர், டிஃபென்ஸ் பக்கம் மூக்கை நுழைப்பதில்லை. 2012-ல் மேலே யார்? காலி நாற்காலி. என் கணக்கில் இவருடைய ஏற்ற இறக்கத்தில் பாதி இதில் அடங்கிவிடும்.

மிச்சப் பாதிக்கு என் வீட்டுக் கதை ஒன்று. என் பையன் பள்ளி அணியில் சேஃப்டி. ஆட்டத்தன்று மணிக்கட்டில் ஒரு பட்டை கட்டியிருப்பான், அதில் பொடி எழுத்தில் கட்டம் கட்டமாக எண்களும் சொற்களும். ஓரத்திலிருந்து கோச் ‘முப்பத்திரண்டு’ என்று கத்துவார், இவன் பட்டையைப் பார்த்து அந்தக் கட்டத்தில் இருப்பதைச் செய்ய வேண்டும். போன அக்டோபரில் ஒரு வெள்ளிக்கிழமை இரவு, மழையில் பட்டை நனைந்து எழுத்து கலைந்துவிட்டது. இவன் குத்துமதிப்பாக ஓரத்திலிருந்து பாய்ந்தான், பக்கத்தில் இருந்தவனும் அதே இடத்துக்குப் பாய்ந்தான், இரண்டு பேரும் முட்டிக்கொண்டார்கள், பின்னால் ஒருவரும் இல்லை. டச்டவுன். கோச் இவனைத் திட்டவில்லை. இரண்டு கையையும் இடுப்பில் வைத்துக்கொண்டு வானத்தைப் பார்த்தார். நான் குடைக்குள் இருந்து பார்த்துக்கொண்டிருந்தேன், அன்றைக்குத்தான் 2012 செயின்ட்ஸ் எனக்குப் புரிந்தது. இந்த வகை டிஃபென்ஸில் பத்து பேர் சரியாகச் செய்து ஒருவன் தப்பு செய்தால் ஐந்து யார்டு போகாது, அறுபது யார்டு போகும்.

கணக்குப்பிள்ளை பதில்:

ராப் ரயன் விஷயத்தில் அடி வாங்கினேன், ஒத்துக்கொள்கிறேன் அக்கா. ஆனால் 2025 பிப்ரவரியை யாரும் பேசவில்லையே? ஈகிள்ஸோடு 40-22. பாதி நேரத்தில் 24-0. ஊறின ஊறுகாய்தானே அது?

மேகலா பதில்:

அந்த 40-ல் ஏழு புள்ளி, மஹோம்ஸ் எறிந்ததைக் கூப்பர் டிஜீன் பிடித்து ஓடியது. அதை டிஃபென்ஸ் கணக்கில் எழுதக் கூடாது. மிச்சம் 33-க்கு என்னிடம் பதில் இல்லை. அன்றைக்கு இரவு டிவியை அணைத்துவிட்டுப் பாத்திரம் தேய்க்கப் போய்விட்டேன்.

தூக்கங்கெட்டவன் பதில்:

எல்லாருக்கும் நன்றி, இவ்வளவு எதிர்பார்க்கவில்லை. அந்த மெக்டஃபி தட்டினதை இப்போது மறுபடியும் போட்டுப் பார்த்தேன். அன்றைக்கு அதைப் பார்த்தபோது பர்டி தவறாக எறிந்துவிட்டான் என்று நினைத்திருந்தேன், ஓரத்திலிருந்து ஓர் ஆள் வருவதைக் கவனிக்கவே இல்லை. இப்போது பந்தை விட்டுவிட்டு அவனை மட்டும் பார்த்தேன். ஸ்னாப்புக்கு (சென்டர் பந்தைப் பின்னால் கொடுப்பது) முன்னால் ரிசீவர் எதிரே ஒன்றும் தெரியாதவன் போல நிற்கிறான்.

ஜெர்சி அண்ணே, அந்த 2007 சீசன் சூப்பர் பௌல் முழுசாகப் பார்க்கலாம் என்று இருக்கிறேன். எதைக் கவனிக்க?

ஜெர்சிக்காரன் பதில்:

ஜெயன்ட்ஸ் சட்டையில் 91, அதுதான் டக். ஒவ்வொரு முறையும் பந்து வருவதற்கு முன்னால் அவன் எங்கே நிற்கிறான் என்று மட்டும் பார். ஓரமா, உள்ளேயா. நான்காம் கால் பகுதி வரும்போது, பிரேடியும் பந்தை வாங்குவதற்கு முன்னால் அதைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறாரோ என்று உனக்கே தோன்றும்.